பால்மாவு டின்னில் இருந்த பசை

புது இயந்திரம் வந்த அன்று, நான் முன்பு வேலை பார்த்த அச்சகத்துப் பிள்ளைகள் என்னை வீட்டிலிருந்து காரில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஒரு பக்கம் தாள்கட்டை வைத்தால் மறுபக்கம் புத்தகமாக வந்து விழுகிறது. பசையெல்லாம் உள்ளேயே உருகி உள்ளேயே ஒட்டிக்கொள்கிறது. "ஆன்ட்டி, பழசெல்லாம் நெனச்சா ஒங்களுக்கு வருத்தமா இல்லையா?" என்று மேனேஜர் பெண் கேட்டாள். எனக்கு எதற்கம்மா வருத்தம்? ஆயுள் முழுக்க விரல் இடுக்கில் பசை காய்ந்து, தோல் வெடித்து, ரசம்சோறு பிசையும்போது எரிச்சலில் பல்லைக் கடித்தவள் நான். இந்த இயந்திரம் என் இளமையில் வந்திருந்தால் மாலை போட்டுக் கும்பிட்டிருப்பேன்.

அப்படியானால் 'கழிமுகம்' பத்திரிகையை நடத்தியவர்களைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்றாள். ஆசிரியரைப் பற்றி ஊரே பேசிவிட்டது, நான் புதிதாக என்ன சொல்வது? வேண்டுமானால் பசையைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எங்கள் ஆசிரியர் போலீஸ் லாக்கப்புக்குள் போனது பசையால். வெளியே வந்ததும் அதே பசையால்தான்.

நான் பிலோமினா. புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பால்மரம் சீவினார். தோட்டப் பள்ளியில் இருந்த வகுப்புகளையெல்லாம் நான் முடித்துவிட்டதும், படித்த பெண்ணை வைத்துக்கொண்டு லயத்து வரிசைவீட்டில் என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்குப் பாடம் சொல்லித்தந்த தங்கவேலு வாத்தியார்தான் கோலசிலாங்கூர் டவுனில் செய்யது நானாவின் கடையில் சேர்த்துவிட்டார். முன்னால் பேனா, நோட்டு, கைலி விற்கும் கடை. பின்னால் காலால் மிதித்து ஓட்டும் ஓர் அச்சு இயந்திரம். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், துக்க அறிவிப்பு என்று எது வந்தாலும் அடிப்போம். தாள் கிடைக்கிற மாதங்களில் 'கழிமுகம்' அடிப்போம்.

அந்தப் பத்திரிகைக்கு ஆட்கள் என்று சொன்னால் நாங்கள் மூன்று பேர்தான். வாத்தியார் ஆசிரியர். பள்ளி விட்டதும் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய்க் கதையும் கவிதையும் கேட்டு வாங்கி வருவார். நானா எழுத்துக் கோத்து அச்சடிப்பார். நான் தாளை மடித்து, தைத்து, அட்டை ஒட்டி, கட்டுக் கட்டுவேன். சுங்கை பஞ்சாங், சுங்கை ஆயர் தாவார் வரைக்கும் பஸ்ஸில் எங்கள் கட்டுகள் போகும். இதற்காக யாரும் எங்களுக்கு ஒரு வெள்ளிப் பணம் கொடுத்ததில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

நானா தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்க்காரர். அதட்டிப் பேசி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், அதுதான் பயம். என்னை முதலில் தாள் மடிக்கவிட்டார், பிறகு தைக்கவிட்டார். பசைப் பக்கம் மட்டும் நெருங்கவிடவில்லை. மடிப்பு கோணினால் பிரித்து மடிக்கலாம், பசை கெட்டால் பத்திரிகையே போச்சு என்பார். ஒருநாள் அவராகவே அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டு, "இன்னைக்கு நீ கிண்டு புள்ள" என்றார். பெரிய பட்டம் கிடைத்ததுபோல் அன்று வீட்டுக்குப் போனேன்.

அவர் பசை செய்யும் முறையைச் சொல்கிறேன். கோதுமை மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைக்க வேண்டும். பிறகு துணியில் வடிகட்ட வேண்டும். சின்னத் தீயில் வைத்துக் கையெடுக்காமல் கிண்ட வேண்டும். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடிபோல் ஆகும்போது இறக்கி, பொடித்த மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட வேண்டும். துத்தம் விஷம். அது இருந்தால்தான் பூச்சி வராது, எலி வராது, பூசணம் பிடிக்காது. இலேசாக நீலம் பாயும். கடைசியில் கிராம்பு எண்ணெய் இரண்டு சொட்டு. ஆறியதும் நானா கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தொட்டுச் சேர்த்து, மெதுவாகப் பிரித்துப் பார்ப்பார். விரல் பிரிய மறுத்தால் தலையசைப்பார். அவர் வாயிலிருந்து வேறு பாராட்டு வராது. தலையசைத்துவிட்டார் என்றால் பசை பால்மாவு டின்னுக்குப் போகும். மேலே பசுமாட்டுப் படம் போட்ட டின் அது. எங்களிடம் இருந்த டின்களில் மூடி இறுக்கமாக இருந்தது அது ஒன்றுதான்.

அது வெள்ளைக்கார சர்க்கார் அறிவித்திருந்த அவசரகாலம். தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, கேட்டில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களை நிறுத்தியிருந்தார்கள். காட்டில் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று, அரிசி, மாவு, சீனி, டின் மீன் எதையும் பெர்மிட் இல்லாமல் ரோட்டில் கொண்டுபோக முடியாது. பால்மரம் சீவப் போகும் பெண்கள் கஞ்சிகூட எடுத்துப்போக விடமாட்டார்கள். ஒருவனைப் பற்றி 'காட்டுக்குப் போயிட்டான்' என்று சொன்னால் அவர்களோடு சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். அதையும் அடுத்த வீட்டுக்குக் கேட்காமல்தான் சொல்வோம்.

அந்த நேரத்தில்தான் எனக்குக் கதை எழுதும் ஆசை வந்தது. மடிக்கிற தாளில் இருப்பதையெல்லாம் படித்துப் படித்து வந்த வினை. 'கடலோரன்' என்று ஆம்பளைப் பெயரில் எழுதி வாத்தியாரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "கையெழுத்து நான் போட்டுக் குடுத்த கையெழுத்தால்ல இருக்கு?" என்று என்னைப் பார்த்தார். மாட்டிக்கொண்டேன். "பேரு அப்படியே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிப் போட ஒத்துக்கொண்டார்.

கதையின் பெயர் 'கறுப்பி'. அது ஓர் ஆட்டுக்குட்டி. அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்ட ஒரு இளவட்டம், பொழுது சாயும் நேரத்தில் காணாமல்போன கறுப்பியைத் தேடி வேலியைத் தாண்டுகிறான். அவ்வளவுதான் கதை. கடைசியில் ஆட்டோடு வீடு வந்து சேர்ந்துவிடுவான்.

நானா பக்கம் கட்டும்போது என் கதையின் கடைசிப் பத்தி பக்கத்தில் அடங்கவில்லை. அடுத்த பக்கத்தில் சேர்ப்பதற்காக கோத்த ஈய எழுத்துகளை ஒரு தட்டில் தனியாக எடுத்து வைத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு துக்க அறிவிப்பு அவசரமாக வந்தது. அதன் தட்டை இதன்மேல் வைத்துவிட்டார். பத்தியை எல்லோரும் மறந்துபோனோம்.

இதழ் அடித்து, மடித்து, தைத்து முடிந்தது. தன் தோட்டத்துக்கான கட்டை வாத்தியார் சாயங்காலமே சைக்கிளில் கொண்டுபோய்விட்டார். மறுநாள் காலையில், மற்ற கட்டுகளை பஸ்ஸுக்கு அனுப்பும் முன்னால், என் கதையை அச்சில் பார்க்கும் ஆசையில் ஒரு பிரதியைப் பிரித்தேன். கதை இப்படி முடிந்திருந்தது: 'வேலியைக் குனிந்து கடந்தவன் திரும்பிப் பார்க்கவில்லை. காடு அவனை வாங்கிக்கொண்டது.'

அதற்குக் கீழே வெள்ளைத் தாள்.

வீட்டோடு கோபித்துக்கொண்டு ஒரு பையன் காட்டுக்குள் போய்விட்டான் என்று கதை முடிந்தால், படிக்கிறவன் என்ன நினைப்பான்? நானாவிடம் காட்டினேன். படித்தார். தட்டுகளைத் தூக்கிப் பார்த்தார். பத்தி அங்கேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. "ஏன்டாப்பா ஒளிஞ்சிக்கிட்ட?" என்று அதனிடம் மெதுவாகக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பள்ளி முடிந்து வாத்தியார் வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். அவருக்கு முகம் கறுத்துப்போயிற்று. ஆனாலும் திட்டவில்லை. "அந்தப் பத்திய மட்டும் சீட்டா அடிங்க நானா. ஒவ்வொரு பிரதியிலயும் ஒட்டிடுவோம். எங்க தோட்டத்துக் கட்ட நான் இன்னும் யாருக்கும் குடுக்கல. நானே போயி ஒட்டிட்டு வந்துர்றேன்" என்றார். நானா சீட்டு அடித்தார். நான் புதுப் பசை கிண்டிப் பசுமாட்டு டின்னில் ஊற்றி மூடினேன். வாத்தியார் சீட்டுகளைப் பையில் போட்டு, டின்னை சைக்கிள் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள். மூன்று பேரில் ஒருவருக்குக்கூட அந்த டின்னில் இருப்பது மாவு என்று தோன்றவில்லை. எத்தனையோ மாதமாக ரேஷன் மாவை வாங்கி வந்து கிண்டிய எனக்கே தோன்றவில்லை. எங்களுக்கு அது பசை. வேறு எதுவாகவும் அதை நாங்கள் பார்த்ததே இல்லை.

கேட்டில் இருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிளுக்கு அப்படியா தெரியும்? பால்மாவு டின். திறந்தால் மாவுக் களி, கிராம்பு வாசனை வேறு. விரலை விட்டு நக்கிப் பார்த்திருக்கிறான். வாத்தியாரை அங்கேயே பிடித்து உட்காரவைத்துவிட்டான். பையில் இருந்த சீட்டுகளையும் வீட்டில் இருந்த பத்திரிகைகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

தோட்டத்து லோரி டிரைவர் வந்து சொன்னார். "வாத்தியார ஸ்டேஷனுக்கு ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க நானா. காட்டுக்கு சோறு கொண்டு போனாருன்னு கேசாம்." அதைக் கேட்டதும் நானா மிதிப்பதை நிறுத்திவிட்டு, கைலியை இறக்கிவிட்டு, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நாங்கள் ஸ்டேஷனுக்குப் போனபோது, இன்ஸ்பெக்டர் இல்லை, நாளைக்குக் காலையில் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பயந்தது ஜெயிலுக்கு மட்டும் இல்லை. வாத்தியார் இந்தியாவில் பிறந்தவர். இந்த மாதிரிக் கேஸில் மாட்டினால் கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி சரோஜா அக்கா சுங்கை ஆயர் தாவாரில் பிறந்து வளர்ந்தவர், கடலைத் தாண்டி யாரையும் தெரியாது, அப்போது நிறைமாதம். வீட்டில் அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நீதான் எழுதுனன்னு வாயத் தெறந்துடாத. வாத்தியாரு படிச்சவரு, எப்படியாச்சும் சமாளிச்சுக்குவாரு. நம்மால முடியுமா?" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் ஸ்டேஷனில் எங்களை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மேசையில் பத்திரிகைக் கட்டு, சீட்டுகள், பசுமாட்டு டின். டின்மேல் ஒரு வெள்ளை லேபிள் ஒட்டி, 'உணவுப்பொருள்' என்று இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. மலாய் இன்ஸ்பெக்டர். வயதானவர், பேச்சு தன்மையாக இருந்தது. ஆனால் பல நாள் தூங்காத முகம். அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச தைரியமும் போய்விட்டது.

அவர் கனகசபை கிராணி. ஸ்டேஷன் கணக்கு, கடிதம், மொழிபெயர்ப்பு எல்லாம் அவர்தான். கவிதையும் எழுதுவார். 'கழிமுகம்' பத்திரிகைக்கு மூன்று தடவை அனுப்பி, மூன்று தடவையும் வாத்தியார் சிவப்பு மையில் திருத்தம் போட்டுத் திருப்பிவிட்டார். அதற்குப் பிறகு டவுனில் எதிரே வந்தால்கூட கிராணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார். என் கதையை இன்ஸ்பெக்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர் இந்த மனிதர்தான்.

வாத்தியாரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சட்டை கசங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் மெதுவாகக் கேட்டது, "மத்த கட்டுல சீட்டு ஒட்டியாச்சா?"

நானாவுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. எழுந்து நின்று, பணிவாக, இது புத்தகம் ஒட்டும் பசை, சாப்பிடும் பொருள் இல்லை, இதில் துத்தம் என்ற விஷம் கலந்திருக்கிறது, எலிகூடத் தின்னாது துவான் என்றார். மலாயில் துவான் என்றால் ஐயா.

கதவோரம் நின்ற கேட்டுக் கான்ஸ்டபிளின் முகம் வெளுத்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். கொல்லையில் அவன் ஓங்கரிக்கும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ராத்திரியே ரெண்டு தரம் வாந்தி எடுத்தானாம், காரணம் இப்போதுதான் தெரிந்திருக்கிறது.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "விஷமா? அப்படியானால் யாருக்கு விஷம் கொண்டுபோனார்? கேட்டில் நிற்கும் என் ஆட்களுக்கா?" என்று கேட்டார். சாப்பாடு என்றால் ஒரு கேஸ், விஷம் என்றால் அதைவிடப் பெரிய கேஸ்.

"சரி, இந்தக் கதை யார் எழுதியது? கடலோரன் எங்கே?" என்று அடுத்ததைக் கேட்டார் இன்ஸ்பெக்டர். கிராணி தமிழில் கேட்டார். வாத்தியார், "நான் ஆசிரியர். இதுல வர்ற எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு. பேரு சொல்ல முடியாது" என்றார். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

அப்பா சொன்னதெல்லாம் காதில் இருந்தது. ஆனால் அந்த மனிதர் கசங்கிய சட்டையோடு எனக்காக நிற்கிறார். சரோஜா அக்காவின் வயிறு கண்முன்னால் வந்தது. எழுந்துவிட்டேன். "நான்தாங்க கடலோரன்" என்றேன்.

கனகசபை கிராணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நம்பவே இல்லை. "நீயா?" என்றார். "ஆமா, நான்தான். கதை அங்க முடியல கிராணி ஐயா. கடைசிப் பத்தி விட்டுப்போச்சு. அதான் அந்த சீட்டுல இருக்கு. அத ஒட்டத்தான் பசை கொண்டு போனாங்க." அவர் மலாயில் சொன்னார். இன்ஸ்பெக்டர் யோசித்துவிட்டு, பிடிபட்டால் காட்டுவதற்கு முன்கூட்டியே இப்படி ஒரு சீட்டை அடித்து வைத்திருக்கலாம் அல்லவா, இந்தக் களி உண்மையிலேயே ஒட்டுவதற்குத்தான் என்று எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன்.

அப்போதுதான் அந்த லேபிள் என் கண்ணில் சரியாகப் பட்டது. அதன் ஓரத்தில் கொஞ்சம் பிதுங்கிக் காய்ந்திருந்தது. பிதுங்கிய இடம் இலேசான நீலம். எனக்கு அந்த நீலம் தெரியாதா? யோசிக்காமல் கேட்டுவிட்டேன். "கிராணி ஐயா, அந்த லேபிள நீங்க எதால ஒட்டுனீங்க?"

கிராணி குனிந்து லேபிளைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பி, இந்தப் பெண் என்ன கேட்கிறாள் என்றார்.

நானா மலாயில் சொல்லியிருக்கலாம். நான் அவரைப் பார்த்தேன். அவர் என் கையை மெதுவாக அழுத்திப் பேசாமல் இரு என்பதுபோல் ஜாடை காட்டினார். அது கிராணி சொல்ல வேண்டியது. மொழிபெயர்ப்பாளர் அவர்தான். சாட்சிப் பொருளில் கைவைத்த குற்றமும் அவர் தலையில்தான் விழும். வேலை போனாலும் போகலாம். 'என்னமோ உளறுகிறாள் துவான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று தடவை கவிதையைத் திருப்பிய ஆளும் கப்பல் ஏறிவிடுவார்.

கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு என் கேள்வியை ஒரு சொல் விடாமல் மலாயில் சொன்னார். சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலேயே பதிலையும் சொன்னார். "ஸ்டேஷன் கோந்து காய்ந்துபோயிற்று துவான். வாங்க ஆள் இல்லை. இந்த டின்னில் இருந்ததைத் தொட்டுத்தான் லேபிளை ஒட்டினேன். என் தவறு."

இன்ஸ்பெக்டர் டின்னைக் கையில் எடுத்தார். லேபிளின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தார். வரவில்லை. இன்னும் பலமாகக் கிளப்பினார். தாள்தான் கொஞ்சம் கிழிந்தது, லேபிள் வரவில்லை. 'உணவுப்பொருள்' என்ற எழுத்தை ஒரு தடவை படித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். உள்ளே இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நானா 'அல்ஹம்துலில்லா' என்று வாய்க்குள் சொன்னது கேட்டது.

சிரித்து முடிந்ததும் அந்தச் சீட்டைப் படி என்றார். கிராணி ஒரு சீட்டை எடுத்து, முதலில் தமிழில் படித்துவிட்டு மலாயில் சொன்னார். கவிதை எழுதுகிறவர் அல்லவா, நிறுத்தி நிதானமாகப் படித்தார். என் எழுத்தை இன்னொருவர் வாயில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

'கொஞ்ச நேரத்தில் அதே வேலிக்குக் கீழே முதலில் கறுப்பி வந்தது. பின்னால் அவன் வந்தான். முழங்காலில் முள் கீறியிருந்தது. அம்மா விளக்கைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தாள். திட்ட நினைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. "காலக் கழுவிட்டு வாடா, கஞ்சி ஆறுது" என்றாள்.'

இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "இந்தப் பையன் ஊரடங்கு நேரத்தில் வேலியைத் தாண்டியிருக்கிறான். இனிமேல் அப்படிச் செய்ய வேண்டாம் என்று அவனிடம் சொல்" என்றார். நான், "சொல்றேன் துவான்" என்றேன்.

ஆனால் சும்மா அனுப்பவில்லை. பத்தி இல்லாத ஒரு பிரதிகூட ஸ்டேஷனை விட்டு வெளியே போகக்கூடாது, இங்கேயே என் கண்முன்னால் ஒட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். நான் பசை தடவினேன், நானா சீட்டு வைத்தார், வாத்தியார் அழுத்தினார். கிராணியும் சட்டைக் கையை மடித்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். கேட்டுக் கான்ஸ்டபிள் தூரத்திலிருந்தே டின்னை முறைத்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டதும் வந்தான், ஒட்டினான், ஒவ்வொன்றுக்கும் கையைக் கைலேஞ்சித் துணியில் துடைத்துக்கொண்டான். வாத்தியாருக்கு அவன் வேலை பிடிக்கவில்லை. லாக்கப்பிலிருந்து வந்து இன்னும் முகம்கூடக் கழுவாத மனுஷன், "தம்பி, சீட்டு கோணுது பாருங்க. நேரா வைங்க" என்று திருத்துகிறார். எனக்கு அடக்கமுடியாத சிரிப்பு. எத்தனையோ இதழ்களுக்குப் பசை தடவியிருக்கிறேன், அன்று ஒட்டியதுபோல் சந்தோஷமாக எதையும் ஒட்டியதில்லை.

கிளம்பும்போது கிராணி வாசல் வரை வந்தார். வாத்தியார் கொஞ்சம் தயங்கி, "கனகசபை, ஒங்க கவிதை..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம் வாத்தியாரே. இதுக்காகப் போட்டா எனக்கு அசிங்கம்லா."

"இதுக்காகப் போடமாட்டேன். அடுத்தத அனுப்புங்க. நல்லா இருந்தா போடுறேன்."

அடுத்தது வந்தது. நன்றாக இல்லை. வாத்தியார் அதையும் திருப்பினார். அதற்கடுத்தது நன்றாக இருந்தது, போட்டார். கிராணிக்கு வேலை ஒன்றும் போகவில்லை. ஸ்டேஷன் கோந்து தீரும்போதெல்லாம் ஒரு காலி டின்னோடு எங்கள் கடைக்கு வந்து நிற்பார். நானா விரலால் தொட்டுப் பார்த்துத் தலையசைத்த பசையைத்தான் ஊற்றிக் கொடுப்பேன். அந்த மாதத்திலேயே பசைக்கு ஒரு பெர்மிட்டும் வாங்கிவிட்டோம். அதற்குப் பிறகு நான் வேறு ஊர், பெரிய அச்சகம், பெரிய சம்பளம் என்று போனது வேறு கதை. சிக்கல் வந்த நாளெல்லாம் நானாவைப்போலக் குரலைத் தாழ்த்திப் பேசிப் பார்த்திருக்கிறேன். என் சுபாவத்துக்கு அது வரவில்லை.

சொல்ல வந்ததை விட்டுவிட்டேன் பாருங்கள். ஸ்டேஷனிலிருந்து வாத்தியாரோடு நானும் பஸ்ஸில் தோட்டத்துக்குப் போனேன். சரோஜா அக்காவிடம் அவரைக் கையோடு ஒப்படைத்துவிடு என்று நானா சொல்லிவிட்டார். வழியெல்லாம் வாத்தியார் நான் கொடுத்த ஒரு பிரதியைப் பிரித்து, ஒட்டிய சீட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தார்.

கேட்டில் சோதனை முடிந்து உள்ளே போனோம். லயத்துக்கு முன்னால் சனம் கூடியிருந்தது. என் அப்பாவும் நின்றிருந்தார். சரோஜா அக்கா வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் நின்றார். ராத்திரி முழுக்க அழுத முகம். அக்காவுக்கு என் கதையும் தெரியாது, சீட்டும் தெரியாது, அந்தப் பத்தியை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. புருஷனைக் கண்டதும் ஓடிவரவில்லை, அழவும் இல்லை. கிட்டே வந்ததும் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். முகத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"காலக் கழுவிட்டு வாங்க, கஞ்சி ஆறுது" என்றார்.

வாத்தியார் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு கால் கழுவப் போனார்.